மரக்காணத்தில் ஒரு வலது கை

சனிக்கிழமை, ஏப்ரல் மாதம். புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்குச் சென்னை வண்டியில் ஏறினேன். மரக்காணத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நாற்பது ரூபாய். ஜன்னல் பக்க இருக்கை கிடைத்தது. கூனிமேட்டில் நஸ்ரின் ஏறினாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு வலது கை.

நஸ்ரின் அந்த ஊர்ப் பெண். புதுச்சேரியில் என் நண்பர் நடத்தும் பட்டறையில் செயற்கைக் கை கால்களைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண பிரிண்டரில் அச்சடிப்பது அவள் வேலை. இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில் என்பதால், இந்தக் கையின் அளவுகளை ஒருமுறை பார்த்துத் தரும்படி நண்பர் கேட்டிருந்தார். பார்த்துக் கொடுத்தேன். காகிதத்தில் கண்டது உப்புத் தண்ணீரில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

"முழுக் கை மாதிரி இருக்காது சார்," என்று பையைத் திறந்து காட்டினாள். "விரல் வேணாம்னு செல்வி அக்காவே சொல்லிட்டாங்க. உப்பு வார்ற கழியப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொள்ள ஒரு கூடு, அதன் நுனியில் கழியைக் கவ்வும் வளையம், இரண்டு பட்டைகள். சோளத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்கில் சோதனைக்காக அச்சடித்தது. பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை கூடிய பிளாஸ்டிக்கில் அடிப்பார்களாம்.

ஏழு மணிக்கு முன்பே மரக்காணம் வந்துவிட்டது. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்து உப்பளத்தின் விளிம்பில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் சதுரச் சதுரமாகப் பாத்திகள். வரப்பில் கறுப்பு பாலிதீன் போர்த்திய உப்புக் குவியல்கள். காற்று கிழக்கிலிருந்து ஓயாமல் அடித்தது. போர்வைகள் பறக்காதிருக்க ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்திருந்தார்கள்.

செல்வி வரப்பில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து வலது முன்கை போயிற்று. அருகில் நின்றவர் மஞ்சுளா, அவருடைய நாத்தனார். இந்த உப்பளத்தில் எப்போதும் இருவர் இருவராகத்தான் வேலை. எதிரெதிர் வரப்பில் நின்று, நீளக் கழியில் பலகை அடித்த வாரியால் படிந்த உப்பை நடுவில் குவிக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் வாரியது மறுபடி நீரில் சரிந்துவிடும். ஜோடி இல்லாதவருக்குப் பாத்தி கிடையாது. இரண்டு வருடமாக மஞ்சுளா கிடைத்தவரோடு வேலை செய்து செல்வியின் இடத்தைக் காப்பாற்றி வந்தார். இப்போது மேஸ்திரி ஏழுமலை கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை செல்வி இறங்காவிட்டால், மஞ்சுளாவுக்கு நிரந்தரமாக வேறு ஜோடி. இன்று மாலை அவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

கையை மாட்டியதும் செல்வி வரப்பில் நின்று வாரியைப் பாத்தியில் இறக்கினார். முதல் வாரலில் பலகை கோணியது. மூன்றாவதில் நேராக வந்தது.

"அண்ணி, மெதுவா! உப்பு வாரச் சொன்னா சேத்தையும் சேத்து வார்ற," என்றார் மஞ்சுளா.

"ரெண்டு வருசம் கழிச்சு எறங்கியிருக்கேன், கொஞ்சம் பொறுடி."

"வலிக்குதாக்கா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"எலும்பு முனையில லேசாப் படுது. பரவால்ல."

பதினொரு மணிக்கு இருவரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாங்கள் சாலையோரக் கடைக்கு டீ குடிக்கப் போய், பேச்சில் முக்கால் மணி நேரம் போனது. திரும்பியபோது மஞ்சுளா வரப்பில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடு சப்பளிந்து கிடந்தது.

உப்பளத்தில் எதுவும் நிலைக்காது. சைக்கிள் ஒரே வருடத்தில் துருப்பிடிக்கும், செல்போன் பூத்துப்போகும். அதனால் காப்பாற்ற வேண்டிய எதையும் அவர்கள் பாலிதீனில் சுற்றி வைப்பார்கள். செல்வியும் கையைக் குடிதண்ணீரில் கழுவி, துடைத்து, கறுப்பு பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி வரப்பில் வைத்திருக்கிறார். பறக்காமல் மேலே ஒரு கல். ஏப்ரல் வெயிலில் அந்தக் கறுப்புச் சுருளுக்குள் பிளாஸ்டிக் இளகிவிட்டது. மீதி வேலையைக் கல் செய்தது.

"உப்பு படக்கூடாதுன்னுதானே வெச்சேன்," என்றார் செல்வி, யாரையும் பார்க்காமல்.

"வெயில்ல வெக்காதீங்கன்னு நான்தான்க்கா சொல்லியிருக்கணும்." நஸ்ரின் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிதாக அச்சடிக்கப் புதுச்சேரி போக வேண்டும். அச்சாகவே ஒன்பது மணி நேரம். மேஸ்திரி நாலு மணிக்கு வருவார்.

அதை என்னிடம் நீட்டிக் கேட்டாள்: "சூட்டுல கெட்டது சூட்டுலயே திரும்பாதா சார்?"

"இளகும். ஆனால் அவங்க கை வெந்துடக்கூடாது," என்றேன்.

நால்வரும் டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பாய்லரிலிருந்து பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, என் கடையில இதுவரைக்கும் முட்டைதான் வெந்துது. கைய வேக வெக்கிறது இதான் மொத தடவ."

"உப்பு நாங்க குடுக்கறோம், மொளகுத்தூள் நீ போடு," என்றார் மஞ்சுளா.

கூட்டுக்குள் போட நஸ்ரின் கொண்டுவந்திருந்த இரண்டு தடித்த காலுறைகளைச் செல்வியின் வலது கை முனையில் ஏற்றி, மேலே ஈரத் துண்டைச் சுற்றினோம். நஸ்ரின் வெந்நீரில் போட்டு இளகிய கூட்டை இடுக்கியால் எடுத்து, சூடு சற்று தணியும்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பிறகு மாட்டி அழுத்தினாள். மஞ்சுளா முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வெளிய இழு. அங்க. எலும்பு மேல இல்ல இப்ப," என்றார் செல்வி.

பட்டறையில் அளவெடுத்தபோது அவர் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது வாரும்போது மடிப்பதுபோல மடித்து நின்றார். துண்டையும் ஒரு காலுறையையும் கழற்றிய பின் கூட்டில் சில இடங்கள் தொளதொளத்தன; அங்கே துணி வைத்து அடைத்தோம். பார்க்க அழகாக இல்லை. ஆனால் நின்றது.

நாலேகாலுக்கு மேஸ்திரி மொபெட்டில் வந்தார்.

"ஏம்மா செல்வி, சர்க்கஸ் காட்டப் போறியா?"

"டிக்கெட் வாங்கிட்டு உக்காரு மேஸ்திரி," என்றார் மஞ்சுளா.

அவர் உட்காரவில்லை. எதிரெதிர் வரப்பிலிருந்து இரண்டு பலகைகளும் இறங்கின. முதலில் செல்வியின் பலகை பின்தங்கியது. மஞ்சுளா தன் வேகத்தைக் குறைத்தார். பிறகு குறைக்க வேண்டியிருக்கவில்லை. பாத்தி முடிந்தது. மேஸ்திரி அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. செல்வி வாரிய பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, சேற்றின் கறுப்பு தெரிகிறதா என்று தேடினார்.

"சேறு வரல." கையைத் தட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை அஞ்சரைக்கு ரெண்டு பேரும் இருக்கணும். லேட்டா வந்தா வேற ஜோடிய எறக்கிடுவேன்."

மொபெட் போன பிறகுதான் செல்வி அழுதார். மஞ்சுளா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆனால் எலும்பில் படாத இந்தப் புதிய உருவத்தை அளவெடுத்து, வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கில் வேறு கை அடிக்க வேண்டும். "இதக் குடுங்கக்கா, புதன்கிழமை புதுசோட வந்துடறேன்," என்றாள் நஸ்ரின்.

"திங்கக்கிழமை வேலை இருக்குதே பாப்பா. எப்படிக் குடுக்கறது?" என்று செல்வி இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டார்.

நஸ்ரின் சிரித்துவிட்டாள். "சரி, அப்படியே மாட்டிக்கிட்டு நில்லுங்க. ஆடக் கூடாது." செல்போனை உயர்த்திப் பிடித்து அவரை மெதுவாகச் சுற்றி வந்தாள். அளவெடுக்கும் செயலி போனிலேயே இருக்கிறது. காற்றில் கை அசைந்தது. கழியை வளையத்தில் மாட்டி, மஞ்சுளா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்ட பிறகே சரியாக வந்தது. கையை வெயிலில் வைக்கக் கூடாது, கொட்டகையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நஸ்ரின் மூன்று முறை சொன்னாள். "வேகாம பாத்துக்கறோம் தாயி," என்றார் மஞ்சுளா.

ஆறு மணிக்குப் புதுச்சேரி வண்டி. நஸ்ரினின் துணிப்பை காலியாக மடிந்து கிடந்தது. அவள் போனில் அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பி, வேண்டாதவற்றை அழித்துக்கொண்டு வந்தாள். வரப்பு போயிற்று. உப்புக் குவியல் போயிற்று. கழியும் போயிற்று. வளையத்தை ஒட்டியிருந்த மஞ்சுளாவின் நான்கு விரல்கள் மட்டும் போகவில்லை. அவை எங்கே முடிகின்றன, செல்வியின் கை எங்கே தொடங்குகிறது என்று செயலிக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே உடம்பாக எடுத்துக்கொண்டிருந்தது.

"இத மெஷின் பிரிக்காது சார். நான்தான் உக்காந்து வெட்டணும்," என்றாள்.

கூனிமேடு வரும்வரை அவள் வெட்டவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.