தண்ணீரில் இறங்கும் விமானம்

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் நான் டர்னர். படிப்பு எட்டாவதோடு நின்றது. சாம்பிள் பீஸ் கையில் கொடுத்தால் அப்படியே கடைந்து கொடுப்பேன். டிராயிங் முழுசாகப் படிக்க வராது. நீளம், விட்டம் தெரியும். கட்டம் போட்டு உள்ளே எழுதுகிற குறிகள் தெரியாது. இது முதலாளிக்கும் தெரியாது.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் முன்னால் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. மெஷின் தாங்காது என்று சொல்லிவிட வேண்டும். மெஷினுக்கு மானம் கிடையாது.

அரசாங்க விமானத் தொழிற்சாலையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இரண்டு விமானத்தில் ஒன்றைத்தான் செய்யப் போகிறார்களாம். ஒன்று, ஓட்டப் பழகுகிறவர்களுக்கு. இன்னொன்று தண்ணீரிலேயே இறங்கி ஏறும். கடலில் தத்தளிக்கிற ஆட்களைத் தூக்க. எது நல்ல விமானம் என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அத யாரும் மொதல்ல கேக்க மாட்டாங்க. யாரு வாங்குவா, யாரு பார்ட்ஸ் செஞ்சு குடுப்பா. ரெண்டுக்கும் ஃபைல்ல பதில் இருக்கணும்," என்றார்.

பழகுகிற விமானம் முன்பு செய்ததன் மாதிரிதான்; அதன் பழைய பீஸ் ஒன்று கொண்டுவந்திருந்தார். பார்த்ததுமே முடியும் என்றேன். தண்ணீர் விமானத்துக்கு வெறும் தாள்தான். இன்னும் செய்யாத விமானத்துக்குப் பீஸ் ஏது? தாள் முழுக்கக் கட்டங்கள். முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

"மெஷின் தாங்காது சார்," என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். கேட்டிருந்தால் அங்கேயே சொல்லிக் கொடுத்திருப்பார். நல்ல மனுஷன்.

அடுத்த வருஷம் ஆர்டரோடு அவரே வந்தார். பழகுகிற விமானத்துக்கு. தண்ணீர் விமானத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். வாங்குவதாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. பார்ட்ஸுக்கும் பல பட்டறைகளில் முடியாது என்றுவிட்டார்கள் என்றார். அதில் எத்தனை பேர் என்னைப் போலச் சொன்னார்களோ.

என் சின்ன மச்சான் காத்திவாக்கத்தில் கடலுக்குப் போகிறவன். போன மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தது. அவனும் இன்னொருத்தனும் காலி கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மிதந்தார்கள். மச்சான் மட்டும் வந்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உப்பில் உதடு வெடித்திருந்தது.

"மேல பிளேன் சுத்திகினு இருந்துச்சு மாமா. எங்கள பாத்துச்சு. எறங்க முடியல. அது சொல்லி படகு வர்றதுக்குள்ள அவன் கைய வுட்டுட்டான்."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீதான் பிளேன் சாமான்லாம் கடையிறியே. தண்ணில எறங்குற மாரி ஒண்ணு செய்யக் கூடாதா?"

"மெஷின் தாங்காதுடா," என்றேன்.

அவன் நம்பினான்.