அக்காவுக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பையும் வீட்டார் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் பொறாமை இல்லாமல் எழுத எனக்கு வராது.

அக்கா பிறந்தது குன்னத்தூர் பக்கம், எங்கள் தோட்டத்து வீட்டில். அடுத்துப் பிறந்தவள் நான். அவருக்குப் புதுப் பாவாடை, எனக்கு அவருடைய பழைய பாவாடை. அப்பா காலமானதும் இருவரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தோம். தைத்து வந்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அக்கா குவாலிட்டி மேனேஜர் ஆனார். நான் இன்றைக்கும் செக்கிங்தான். வயிறு எரியுமா, எரியாதா?

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் காட்ட வைத்திருந்த சாம்பிளை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, ஒரு விசாரணைகூட இல்லாமல் முதலாளி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். அதோடு விடவில்லை. அக்காவின் போட்டோவைப் போட்டு, 'நம்பிக்கை மோசடி செய்தவர், யாரும் தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று பேப்பரில் விளம்பரமும் கொடுத்தார். அதன்பின் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "எதுக்குங்க வம்பு" என்று அனுப்பிவிட்டார்கள். உழைத்துச் சேர்த்த பேர் ஒரே காலையில் போயிற்று.

அக்கா மானநஷ்ட வழக்குப் போட்டார். சொந்தமெல்லாம் அவரைச் சுற்றியே உட்கார்ந்தது. அம்மா அவர் சோற்றில் மட்டும் நெய் ஊற்றினார். பழி வந்தாலும் அவருக்குத்தான் உபசாரம்!

வக்கீல் சொன்னார்: "விளம்பரத்தைப் படிச்சதும் இவங்க மேல மதிப்புக் குறைஞ்சு போச்சுன்னு யாராச்சும் கூண்டுல வந்து சொல்லணுங்க. பேரு கெட்டதுக்கு அதுதான் ஆதாரம்."

மாமா, சித்தப்பா எல்லோரும், "நாங்க ஒரு நாளும் சந்தேகப்படலீங்க" என்று கையை விரித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு அம்மிணி. உனக்குத்தான் என்னைக் கண்டா ஆகாதே!"

"ஓ, சந்தோஷமாச் சொல்றேன்" என்றேன்.

கூண்டில் ஏறினேன். "படித்ததும் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார் வக்கீல். வாயைத் திறந்தால், "எங்கக்கா அப்படிச் செய்யற ஆளே இல்லீங்க" என்று வந்துவிட்டது. வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா, "ஒரு வேலை உருப்படியாச் செஞ்சிருக்கியாடி?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நல்லவேளை, அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வேலை தரவில்லை என்று பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் உள்ள ஒரு கம்பெனியின் மேனேஜர் வந்து சாட்சி சொன்னார். அக்கா ஜெயித்தார். அதே பேப்பரில், அதே அளவில், போட்டோவுடன் மறுப்பு வந்தது. அந்த நெருப்பெரிச்சல் கம்பெனியிலேயே சேர்ந்து, நோயில் படுக்கும்வரை தலைநிமிர்ந்து வேலை செய்தார்.

அந்த மேனேஜருக்கும், வக்கீலுக்கும், ஆஸ்பத்திரியில் துணை இருந்தவர்களுக்கும், கடைசிவரை கூட நடந்துவந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்த ஒவ்வொருவரும் "உங்கக்கா மாதிரி வருமா?" என்று என்னிடமே கேட்டீர்கள். அப்போதும் எரிந்தது.

என் மீது இதுவரை யாரும் பழி சொன்னதில்லை. அதனால் நான் நேர்மையானவள் என்று யாரும் சொன்னதும் இல்லை. நாளைக்கு ஒரு பழி வந்தால் எனக்காகக் கூண்டேற ஒரே ஒருவர் இருந்தார். அவரும் போய்விட்டார்.