தங்க நிப்புக்குத் தங்க முலாம்

நகைக்கு மெருகு போடும் மெழுகின் வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பட்டறையில் அது இருக்கட்டும். பேனாவுக்குள் அதற்கு என்ன வேலை?

எஹலியகொடையில் பேனாவும் கைக்கடிகாரமும் பழுது பார்க்கும் என் கடைக்கு ஒரு காலை துணிக்கடை முதலாளி செல்வராஜ் மகளோடு வந்தார். மகள் தர்ஷினிக்கு இரண்டு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை நொத்தாரிசு, காணி உறுதிப் பத்திரம் எழுதுவதே தொழில். அவருக்குப் பரிசாகத் தன் வங்கிச் சம்பளத்தில் வாங்கிய உயர்ந்த ரக மைப்பேனாவை அவள் மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தேன். மை வாசனை இல்லை, மெழுகு. நிப் மட்டும் குத்துவிளக்காய் மின்னியது.

“எழுதுது இல்ல பாஸ்,” என்றார் முதலாளி.

“நிப்புக்கு என்ன செஞ்சீங்க?”

“ரத்னபுரியில குடுத்து தங்க கில்ட் போட்டேன். வெள்ளையா இருந்திச்சு. சம்பந்தி வீட்டுல வெள்ளின்னு நெனச்சிட்டா?”

“அது பதினெட்டு கரட் தங்கம் முதலாளி. மேல ரோடியம் பூசியிருக்கு, அதான் வெள்ளை.”

“தங்கத்த எவனாச்சும் வெள்ளையாக்குவானா?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல அங்கிள்,” என்றாள் தர்ஷினி. அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் பக்கத்தில் மங்கியது எதுவானாலும் ரத்தினபுரிக்குப் போகும்: மோதிரம், மூக்குத்தி, சாமியின் வேல். பட்டறைக்காரர் இதையும் மோதிரமாய் நினைத்து, முலாமுக்கு முன்னால் மெருகுச் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? ரோடியமோ தங்கமோ, பூச்சு எழுதாது. எழுதுவது நுனியில் ஒட்டிய, கடுகினும் சிறிய, இரிடியம் என்ற வெள்ளை உலோகக் குமிழ். அதற்கு மை கொண்டுபோவது நடுவில் ஓடும் மயிரிழை வெட்டு. பூச்சு அந்த வெட்டுக்குள் தடித்தால் மை மெலியும். மெழுகு படிந்தால் மை, சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீராய், ஒட்டாமல் விலகி நிற்கும்.

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டுக்குள் விட்டு மெழுகை இழுத்தேன். மை இறங்கியது. ஆனால் தாளைப் பிறாண்டியது. லென்ஸில் பார்த்தால், குமிழின் ஒரு பக்கம் சப்பை.

“நுனியத் திரும்ப உருட்டித் தேய்க்கணும். தேய்ச்சா அந்த இடத்துல முலாம் போயிரும், வெள்ளை தெரியும்.”

முதலாளி முகம் சுருங்கியது. “அப்ப தேய்க்காதீங்க. ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துதானே, பிறாண்டிட்டுப் போகட்டும்.”

“கையெழுத்து ஒரு நாளுப்பா,” என்றாள் தர்ஷினி. “அவரு தெனமும் எழுதணும். தேய்ங்க அங்கிள்.”

தேய்த்தேன். மூன்று தரம் எழுதிப் பார்த்தாள். மூன்றாவது தரம் தாளில் சத்தமே இல்லை. முதலாளி லென்ஸை வாங்கி வெள்ளைப் புள்ளியை மட்டும் தேடினார்.

அன்றிலிருந்து யார் பளபளக்கும் நிப்போடு வந்தாலும் முதலில் கேட்பது, “பட்டறைக்குப் போச்சா?” சொல்லாவிட்டால் தொடுவதில்லை.

அன்று புறப்படும்போது வாசலில் முதலாளி தயங்கினார். “நுனி ஏன் வெள்ளைன்னு மாப்பிள்ளை கேட்டா என்னம்மா சொல்லுவ?”

“எங்கப்பா தங்கத்துக்கே தங்கம் பூசுவாருன்னு சொல்றேன். வாங்கப்பா, பஸ் வருது.”