பெயர் சொல்லாத சகோதரி

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, போன வருஷம் ஜூலையில் என் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. சோதித்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுத்துவரச் சொன்னார்.

நான் கூடுவாஞ்சேரியில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா இல்லை. சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்துவது நான்தான். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவளுக்கே இப்படியா என்று கேட்பார்களோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் ஜெபம் வேண்டுமே! வெளியே சொல்ல முடியாத காரியம் என்றால் "ஒரு சகோதரிக்காக" என்று சொல்வது எங்கள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நானும் எழுந்து, "ஒரு சகோதரிக்கு மார்பில் புற்றுநோய். வேறெங்கும் இருக்கக் கூடாதென்று ஜெபியுங்கள்" என்றேன். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். எனக்காக அழுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, யாருக்கோ போல ஆமென் சொன்னேன். அவ்வளவு தனிமையை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நர்ஸ், "நகை, க்ளிப் எல்லாம் கழட்டி கூட வந்தவங்ககிட்ட குடுத்துடுங்க மேடம்" என்றாள். நகை போடாத சபை எங்களுடையது, அந்த வேலை மிச்சம். மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது. "கூட யாரும் வரலை" என்றேன். ஒரு டிரேயைக் காட்டினாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரில் நிற்பவர் முகமே தெரியாது. மார்பு கீழே தொங்கும்படி குழி வைத்த பலகையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். கையில் மருந்து ஏறியது. காதை அடைத்திருந்தும் இடி இடிக்கிற சத்தம். வாய் ஓயாமல் ஜெபிக்கிற எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. உடம்பு ஆடினால் படம் கெட்டுவிடும், அதனால் அழவும் முடியவில்லை. கடைசியில், "ஆண்டவரே, கண்ணாடியை வாங்கி வைக்கவாவது ஒரு ஆளை அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன்.

படத்தில் அதே மார்பில், கட்டிக்குத் தள்ளி இன்னொரு புள்ளி தெரிந்தது. முதலில் எடுத்த மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரேயில் தெரியாதது. அங்கும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, "அந்தச் சகோதரிக்கு இன்னொரு இடத்திலும் இருக்கலாம் என்கிறார்கள்" என்றேன். செல்வி அக்கா கையைத் தூக்கினார். தாம்பரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். ஜெப நேரத்தில் போனை அலறவிடுகிறவர் என்று அவர்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்.

"ஜெபம் பண்லாம்மா. அந்தப் பொண்ணுகூட ஆஸ்பத்திரிக்குப் போக யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லக்கா."

"அய்யோ பாவமே! நான் போறேன். பேர் இன்னா, சொல்லு."

"நான்தான்க்கா" என்றேன்.

நான் பயந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. அக்கா எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இத்தினி நாளா மனசுல வெச்சிகினு தனியா அலைஞ்சியா?" என்று திட்டினார். அன்றுதான் நான் அழுதேன்.

அந்தப் புள்ளியும் புற்றுநோய்தான். மார்பை முழுதாக எடுத்தார்கள். வலித்தது, மனசு இன்னும் வலிக்கிறது. ஆனால் கட்டியை மட்டும் எடுத்திருந்தால் அது உள்ளேயே இருந்திருக்கும். மறைந்திருந்ததை ஆண்டவர் வெளிப்படுத்தினார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். நான் டிரேயைத் தேடுவதற்குள் அக்கா கையை நீட்டினார். முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. கண் விழித்தபோது அதை என் மூக்கில் மாட்டிவிட்டவரும் அவரே.

இன்று சுகமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் "ஒரு சகோதரிக்காக" என்று யாராவது எழுந்து நிற்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் காத்திருக்கிறேன். அந்தச் சகோதரி நீங்கள்தான் என்றால், ஆண்டவரை நம்பிப் பெயரைச் சொல்லிவிடுங்கள். கூட நான் வருகிறேன். கண்ணாடியை என்னிடம் கொடுங்கள்.