ரோஹிணி வீட்டில் இருந்த சனிக்கிழமை

‘தொழில்: இல்லத்தரசி. முப்பத்தொரு ஆண்டுகளாக இதே முகவரியில் வசித்து வருகிறார்.’ பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இப்படிப் பதிவாகியிருக்கும் ரோஹிணி, அந்த முகவரியைச் சரிபார்க்கப் போலீஸ் வந்து அழைப்புமணியை அழுத்திக்கொண்டிருந்த காலைப்பொழுதில், லேக் மார்க்கெட் வாசலில் வாழைப்பூக் கூடைக்காரருக்கும் காபித்தூள் கடைக்கும் நடுவே நின்று, சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஆதர்ஷின் புகைப்படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காது எங்கேடா? தலைமுடிக்குள்ள போயிடுத்தா? வேற எடு. பல்லைக் காட்டாதே. அரசாங்கத்துக்கு உன் பல்லு வேண்டாம்.”

ஐம்பத்தேழு வயது. தென் கல்கத்தாவின் தமிழர்களுக்கு அவள் கைப்பையோடு நடமாடும் பாஸ்போர்ட் அலுவலகம். எந்தச் சான்றிதழ் மேலே, எது கீழே, எதற்கு இரண்டு ஜெராக்ஸ் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கைப்பையில் கறுப்பு மைப் பேனா, கோந்து, யாரென்றே நினைவில்லாத நான்கு பேரின் படங்கள். சண்டை வங்காளத்தில், எண்ணிக்கை ஆங்கிலத்தில். தமிழை அக்கறைக்கு மட்டும் வைத்திருக்கிறாள். மனிதர்களை அவள் எடைபோடுவது காகிதத்தை வைத்துத்தான். “ஆதர்ஷ் தங்கமான பையன். பத்தாவது சர்டிபிகேட்லேந்து ஆதார் வரைக்கும் அப்பா பேரு ஒரே மாதிரி இருக்கு” என்பாள். இதற்கு மேல் ஒரு நற்சான்று அவளிடம் கிடையாது.

இருநூறு பேரையாவது விமானம் ஏற்றிவிட்ட இந்த அம்மாளிடம் பாஸ்போர்ட் இல்லை. “நான் எங்க போகப்போறேன்?” என்பது அவள் வாதம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாலும் ஒடிசாவின் பூரிக்குத் தெற்கே போனது ஒரே ஒரு தடவை. அதுவும் தன் கல்யாணத்துக்கு.

வாதத்தை முறித்தது எதிர்வீட்டு ஷர்மிஷ்டா. பௌதி, அதாவது அண்ணி, என்று ரோஹிணி கூப்பிடும் அந்த வங்காளி அம்மாள், கணவர்களுக்கு அனுமதியில்லாத ஒரு வியட்நாம் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தாள். ஐந்து பெண்கள். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் எண் தராதவர் பெயர் பட்டியலில் இருக்காது. ரோஹிணி விண்ணப்பித்தாள். அன்றிரவே கனவில் படகு ஓட்டினாள்.

மிச்சமிருந்தது போலீஸ் விசாரணை. “போலீஸ் வந்துட்டுப் போற வரைக்கும் பல்லுகூட வாசல்ல நின்னுண்டு தேய்க்கணும்” என்பது எல்லோருக்கும் அவள் சொல்லும் அறிவுரை. சப்-இன்ஸ்பெக்டர் தத்தா முதல் தடவை வந்தபோது அவள் ஆதர்ஷின் காதைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை நகரின் மறுகோடியில், கார்டன் ரீச்சில், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி கோவிந்தராஜனை அவருடைய பிறந்த தேதி எது என்பதில் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். தத்தா தொலைபேசியில் நிதானமாகச் சொன்னார்: “சனிக்கிழமை வருவேன். அன்றைக்கும் பூட்டியிருந்தால், இந்த முகவரியில் ஆள் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவேன்.”

கணவர் சீதாராமன், முன்னாள் வங்கி அதிகாரி, செய்தித்தாளை மடிக்காமலே சொன்னார்: “நீ ஆத்துல இருக்கப்போறியா? பேசாம அவரை லேக் மார்க்கெட்டுக்கே வரச் சொல்லிடு.” சொல்லிவிட்டு சனிக்கிழமை காலையில் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒன்பதரை மணிக்குள் ரோஹிணி மூன்று தடவை செருப்பை மாட்டிக் கழற்றியிருந்தாள். நாலாவது தடவை தானே பயந்துபோய், வெளிப்பக்கத்து இரும்பு மடக்குக் கதவைப் பூட்டச் சொல்லி ஷர்மிஷ்டாவிடம் சாவியைக் கொடுத்தாள். “என்ன கெஞ்சினாலும் திறக்காதே பௌதி.” ஷர்மிஷ்டா நாதாங்கியைப் போட்டு, பெரிய பூட்டால் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பயணத்துக்குச் சக்கரப் பெட்டி வாங்க கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள்.

பூட்டிய வீடு வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மூன்றாம் மாடி ஏறி வந்த தத்தா பூட்டைப் பார்த்தார். மணியைக்கூட அழுத்தாமல், எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துகொண்டு இறங்கினார். பாதி மாடியில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்னது, உன் பத்தாவது சர்டிபிகேட் என் கைப்பையிலயா?”

ரோஹிணி தொலைபேசியில் இருந்தாள். மறுமுனையில் மிருதுளா, பல்கலைக்கழக மாணவி, பைபாஸ் சாலைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். “ஒரு மணிக்குள்ள காட்டணும் மாமி!” காலடிச் சத்தம் கேட்டு ரோஹிணி உள்கதவைத் திறந்தாள். தத்தா திரும்பி ஏறி வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் போலீஸ், இந்தப் பக்கம் விண்ணப்பதாரர்.

“யார் உங்களை உள்ளே வைத்துப் பூட்டியது, தீதி?” அக்கா முறை வைத்துக் கேட்ட தத்தா குரலைத் தாழ்த்தினார். “பயப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை ஏதாவது?”

“அவரா? ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே என்னைக் கூப்பிடுவார். நான்தான் பூட்டச் சொன்னேன்.”

“எதற்கு?”

“நான் வெளியே போயிடாம இருக்க.”

தத்தா அதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். காகிதங்கள் ஒவ்வொன்றாகக் கம்பி இடுக்கில் வெளியே போயின. கேட்பதற்கு முன்பே, வரிசை பிசகாமல். “உங்கள் பேரில் கிரிமினல் வழக்கு ஏதும் உண்டா?” என்று விதிப்படி கேட்டவர், கம்பிகளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க இருமினார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி வேண்டும் என்றார்.

அதற்குள் சாட்சியே மாடியேறியது. மிருதுளா விஷயத்தைச் சொல்லி ரோஹிணி நடுவில் போட்ட போனுக்குப் பதறிக்கொண்டு வந்த ஷர்மிஷ்டா, செக்கச்செவேலென்ற புதுப் பெட்டி படிக்குப் படி தடதடக்க, மூச்சிரைத்து நின்றாள்.

“இவர் இந்த வீட்டில்தான் வசிக்கிறாரா?” தத்தா கேட்டார்.

“இந்த வீட்டிலா? ஒரு நாள்கூட இருந்ததில்லையே!” என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கம்பிக்குள்ளிருந்து வந்த முறைப்பில் ஷர்மிஷ்டா திருத்திக்கொண்டாள். “ராத்திரி வந்துவிடுவாள், ஐயா. முப்பத்தொரு வருஷமாக வந்துவிடுகிறாள்.”

தத்தா இந்தத் தடவை இருமவில்லை, சிரித்தேவிட்டார். தாளை நீட்டினார். “கையெழுத்து. மூன்று இடத்தில்.”

மிருதுளா மறுபடி அழைத்தாள். “டாக்சியைக் கீழே நிறுத்தியிருக்கிறேன், சீக்கிரம் ஓடு” என்றபடி ஷர்மிஷ்டா சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தாள்.

“ஐயோ, திறக்காதே பௌதி! திறந்தா நான் போயிடுவேன்!”

ரோஹிணி இடக்கையால் பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள்.