தலைக்கட்டில் வராதவர்கள்

ஊர்ப் பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டதற்கு என் அறிவு காரணமில்லை, கையெழுத்துதான் காரணம். 2005ஆம் ஆண்டின் தொடக்கம். கடலூர்ப் பக்கம், தேவனாம்பட்டினம் தாண்டி எங்கள் குப்பம். சுனாமி வந்துபோய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் சிதம்பரத்தில் கல்லூரியை அப்படியே விட்டுவிட்டு வந்து, தார்ப்பாய்க் கொட்டகையில் எல்லோருடனும் கிடந்தேன். புது வீடு கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. யார் யாருக்கு வீடு என்று ஊரே எழுதித் தரட்டும் என்றார்கள். ஊர்த் தலைவர் எனக்கு மாமா முறை. "மாப்ள, காலேஜு படிச்சவன் நீதான் எழுதணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வயதுப் பயலின் பேனாவை ஊரே பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது?

எங்கள் ஊரில் குடும்பத்தைத் தலைக்கட்டு என்றுதான் எண்ணுவோம். ஓர் ஆணுக்குக் கல்யாணம் ஆனால் அவன் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அவன் பெயரில், ஊர்க்கூட்டத்தில் இடமும் அவனுக்கு. அவன் செத்துப்போனால் அந்தத் தலைக்கட்டு விழுந்துவிடும், மனைவியிடம் வரி வாங்க மாட்டார்கள். பாவம், அந்தப் பெண்ணிடம் போய் வாங்குவதா என்பார்கள். அதைப் பெரிய கருணை என்றே நாங்களெல்லாம் நம்பியிருந்தோம். அந்த வழக்கப்படியே நானும் கொட்டகை கொட்டகையாகப் போய், பழைய தெரு வரிசைப்படி ஆண்களின் பெயர்களைக் குண்டு குண்டாக எழுதினேன்.

மூன்று நாள் எழுதினேன். மூன்று நாளும் எனக்குச் சோறு போட்டவள் என் அக்கா. அவள் புருஷன் இரண்டு வருடம் முன்பே கடலில் போய்விட்டார். எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, மீன்கூடை தூக்கி, பண்ருட்டி வரைக்கும் பஸ்ஸில் போய் விற்றுவிட்டு வருவாள். நான் சாப்பிடும்போது தாள்களில் குழம்பு தெறிக்காமல் தன் மடியில் வைத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் நான் கை கழுவிவிட்டு வந்தபோது, கடைசித் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தெரு முடிஞ்சிடுச்சா தம்பி?"

"முடிஞ்சிடுச்சிக்கா."

"எனக்கு எந்த வூடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கையால் மூன்று வேளையும் தின்றுகொண்டே, அவளை எண்ண வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

"அப்பா பேருல ஒரு வூடு வருதே. நீ எங்ககூட இருந்துக்கக்கா" என்று உளறினேன்.

"இருப்பன். நாளைக்கு உனக்குன்னு ஒருத்தி வருவா. அப்புறம் என் பொண்ணு யாரு வூட்டுல ஒண்டும்?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறித் தப்பித்திருப்பேன். பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மட்டும் எழுதாத. அக்காவுக்குப் போட்டுக்கினான்னு ஊரு பேசும். என்ன மாதிரி ஏழு பேரு இருக்கோம். எழுதுனா எல்லாரையும் எழுது. நாளைக்குக் கூட்டத்துல கேளு."

கேட்டேன். ஒரே கூச்சல். "வரியே இல்லாதவங்களுக்கு இன்னா பங்கு?" என்றார் ஒருவர். "பேரு ஜாஸ்தியானா நமக்கு எடம் கொறையும்" என்றார் இன்னொருவர். சிதம்பரத்தில் விடுதி நண்பர்களிடம் சமூகநீதி பற்றி மேசையைத் தட்டித் தட்டிப் பேசியவன் நான். சொந்தக்காரர்கள் முகத்துக்கு முன்னால் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் புரட்டிக்கொண்டு நின்றேன். "வழக்கப்படியே போவட்டும், குடு மாப்ள" என்று மாமா பட்டியலை வாங்கக் கை நீட்டினார்.

அந்த நேரத்தில் அக்கா வந்தாள், கூடவே மற்ற ஆறு பெண்களும். ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் வரும் வழக்கமே கிடையாது. ஓரமாக நின்று, சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அக்கா பேசினாள்.

"மாமா, வரி வேணாம்னு நாங்க கேக்கல. நீங்களாதான் உட்டீங்க. இனிமே வாங்கிக்குங்க. கூடை தூக்கறவ குடுக்க மாட்டாளா? வரி எழுதற எடத்துல எங்க பேரயும் எழுதுங்க. வூடு தன்னால வரும்."

வரியிலிருந்து தப்பிக்க ஆயிரம் காரணம் சொல்லும் ஊர், வரி கட்டுகிறோம் என்று வந்து நிற்பவர்களை எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும்? மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல்லில் நிற்பவர்தான் தலைவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரோ அத்தனை பேர் முன்னால் தன் சொல்லை மாற்றிக்கொண்டார். "இத்தினி நாளா தப்புப் பண்ணிக்கினு இருந்துட்டோம். எழுது மாப்ள" என்றார். அவர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை.

வீடு வந்துசேர இரண்டு வருடம் ஆனது. முணுமுணுத்த சில குடும்பங்கள் வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் இவள் முதல் ஆளாகப் போய்க் காய் நறுக்கினாள். அதிலேயே அவர்கள் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைய கூட்டத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எழுதிய பட்டியலைச் சத்தமாகப் படிக்க வேண்டும், பெயருக்குரியவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை.

ஆறு பெண்களின் பெயர்களைப் படித்துவிட்டேன். ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள். ஏழாவது அக்கா. நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தத் தம்பி கூப்பிடுவான்? வாயைத் திறந்தால் "அக்கா" என்றுதான் வந்தது. கூட்டம் சிரித்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் "அக்கா". இந்த முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்லு தம்பி, தப்பில்ல" என்றாள்.

சொன்னேன். பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. அவள் தலையை நிமிர்த்தி, அத்தனை ஆண்களையும் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இருக்கன்."