தோசைக்கல் பீட்சா

பீட்சா இத்தாலிக்காரர்களுடையதா இல்லையா என்று எனக்கும் என் மகளுக்கும் வருஷக்கணக்கில் சண்டை. இத்தாலிக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலை தேடிக்கொண்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டு தங்கிவிட்டாள். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. நாங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். இருட்டுவதற்கு முன் சாப்பாட்டை முடித்துவிடுவோம். முடித்த கையோடு அவளுக்குப் போன் போடுவேன்.

"பொழுதோட சாப்ட்டியாம்மா?"

"இங்க இன்னும் மத்தியானம்பா. தெனம் இதையே கேக்கற."

தெரிந்துதான் கேட்பேன். அவள் அலுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். அப்புறம் பீட்சாப் பேச்சு வரும். எங்கள் ஊரில் புதிதாக முளைக்கும் கடைகளின் பீட்சாவைப் படம் எடுத்து வேண்டுமென்றே அனுப்புவேன்.

"பன்னீரு, மக்காச்சோளம்னு கண்டதைப் போட்டுக்கினு அதுக்குப் பீட்சான்னு பேரா? அது ஊத்தப்பத்துக்குத் தங்கச்சிப்பா. பீட்சா இந்த ஊர் சாப்பாடு, அவ்ளோதான்."

"மல்லாட்டை மட்டும் நம்ம ஊர்ல பொறந்துச்சா? கப்பல் ஏறி வந்தது. இன்னிக்கு அது இல்லாம திண்டிவனம் ஏது? யார் வயித்துக்குள்ள போவுதோ, அவங்களுதுதான்."

அவளும் விட மாட்டாள், நானும் விட மாட்டேன். என் மனைவி வந்து போனைப் பிடுங்கினால்தான் ஓயும்.

இத்தனைக்கும் அவளுக்குப் பீட்சா ஆசை வந்ததே இந்த வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டு அடம்பிடித்தாள். கடைப் பீட்சாவில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், நாங்கள் தொட மாட்டோம். அவள் அம்மாதான் மாவைத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு, தக்காளியும் பச்சை மிளகாயும் சீஸும் தூவி, மல்லாட்டை எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, மூடி வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். அடிப்பக்கம் முறுகலாக இருக்கும். சனிக்கிழமை தவறாமல் அது வேண்டும் அவளுக்கு.

போன வருஷம் மழைக்காலத்தில், அங்கே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மகள் வீடு திரும்பவில்லை. எங்களுக்கு விசா கைக்கு வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பெற்ற மகளின் முகத்தைக் கடைசியாகப் போன் திரையில் பார்த்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இன்றைக்கும் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கோடையில் மருமகன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்கு வயதுப் பெண். என் மகளின் நெற்றி, என் மகளின் பிடிவாதம். அப்பாவின் சட்டை நுனியை விடவே இல்லை. கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இட்லி, தோசை, தயிர் சாதம் எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளினாள். பாலும் பிஸ்கட்டுமாக ஓடியது. என் வீட்டில் என் பேத்தி ஒரு வாய் சாப்பிடாமலே விமானம் ஏறிவிடுவாளோ என்று அவள் தள்ளிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலிக் குழந்தைதானே, இத்தாலிச் சாப்பாடே கொடுப்போம் என்று எனக்கு ஒரு யோசனை. விழுப்புரத்தில் விறகடுப்பு வைத்து, 'அசல் இத்தாலி' என்று போர்டு மாட்டிய கடை ஒன்று இருந்தது. பைக்கில் போனேன். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றதும் கடைக்காரர் சிரித்தார். "பூண்டு இல்லாம இன்னா சார் இத்தாலி?"

முண்டியம்பாக்கம் தாண்டி லாரிகளுக்கு நடுவே, பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வெயிலில் ஓட்டி வந்தேன். மருமகன் ஒரு துண்டு தின்றுவிட்டு, தங்கள் ஊர்ப் பீட்சா மாதிரியே இருக்கிறது என்றார். மரியாதைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ரசித்தார். குழந்தை மோந்து பார்த்துவிட்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"பொழுது சாயப் போவுது. கொழந்த பட்டினியா கெடக்குது, நீங்க ஊர் ஊராச் சுத்திக்கினு இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள். தோசைக்கல்லை வைக்கிற சத்தம் கேட்டது. எண்ணெயில் மிளகாய் பொரிகிற வாசனை கூடத்துக்கு வந்ததும் குழந்தை எட்டிப் பார்த்தது. தட்டில் தோசைக்கல் பீட்சா வந்தது. யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறி, ஊதி ஊதித் தின்றது. இன்னொன்று கேட்டுத் தட்டை நீட்டியது.

மருமகன் கையிலிருந்த பீட்சாத் துண்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அங்கேயும் என் மகள் சுட்டது இதைத்தானாம். இரும்புச் சட்டியில், மூடி போட்டு, சனிக்கிழமைதோறும், இருட்டுவதற்கு முன். இதெல்லாம் பீட்சாவே இல்லை என்று அவருடைய அம்மா கேலி செய்தால், யார் வயிற்றுக்குள் போகிறதோ அவர்களுடையது என்று சண்டைக்கு நிற்பாளாம்.

என்னிடம் இத்தாலிக்காக வாதாடியவள், அங்கே எனக்காக வாதாடியிருக்கிறாள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, கழுதை. நான் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

குழந்தை கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு இறங்கியது. அப்பாவின் சட்டையைப் பிடிக்கவில்லை. தட்டோடு நின்ற என் மனைவியிடம்தான் வருகிறது என்று நினைத்தோம். அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போனது.

"அம்மா?"

நான் பின்னாலேயே போனேன். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தது. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. அதன் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. திரும்பி வந்து என் விரலைப் பிடித்து, அந்தக் கதவுப் பக்கம் இழுத்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் கூடவே போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.